கனகதாஸின் ரோலர் சோதனை

ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டும் கனகதாஸுக்கு அளவுக் குப்பியில் நம்பிக்கை கிடையாது. ரப்பர் பாலில் ஆசிட் எவ்வளவு ஊற்றவேண்டும் என்பதைக் கைக்கணக்கில் சொல்லிவிடுவான். ஷீட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து அவன் தரம் சொன்னால், பிறகு கடைக்காரன் சொல்வதெல்லாம் அவனுக்குப் பொய். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். பெரும்பாலும் அவன் முயலுக்கு நான்கு கால்களும் சரியாகவே இருந்துவிடுவதுதான் தொல்லை.

அவனுக்கும் ஜிஷாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள் சோனா. பிறக்கும்போதே எடை குறைவு, தோலில் சிவப்புப் புள்ளிகள். சிறுநீரைச் சோதித்த டாக்டர், சி.எம்.வி. என்ற வைரஸ் கர்ப்பத்திலேயே தொற்றியிருக்கிறது என்றார். ஜிஷாவுக்கு ஒரு தும்மல் வந்ததாகக்கூட நினைவில்லை. பலருக்கும் அப்படித்தான், இதில் யார் பேரிலும் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னார். காது சோதனையில் குழந்தை பாஸ். ஆனால் இந்தக் குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பிற்பாடும் குறையலாம், சில மாதங்களுக்கு ஒருமுறை கட்டாயம் வரவேண்டும் என்று சீட்டில் தேதிகள் எழுதிக் கொடுத்தார்.

ஆறாம் மாதமும் பாஸ். அடுத்த தேதிக்குக் கனகதாஸ் போகவில்லை. வீட்டிலேயே சோதனை நடக்கும்போது திருவனந்தபுரத்துக்கு எதற்கு பஸ் ஏறவேண்டும்? காலையில் வராந்தாவின் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துச் சோனாவைக் கிடத்துவார்கள். ஒட்டினாற்போல ஷெட்டில் அவன் ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலரின் கைப்பிடியைச் சுற்றுவான். பழைய இரும்பு கடகடவென்று இரையும். சோனா உடனே தலையைத் திருப்பி அவனைப் பார்ப்பாள். தினமும், ஒரு நாள் தப்பாமல். ஜிஷா சீட்டை எடுத்தபோதெல்லாம் அவன் ரோலரைச் சுற்றிக் காட்டினான்.

பதினோராம் மாதம், வீடு வீடாகச் சுகாதாரம் விசாரிக்கும் ஆஷா ஒர்க்கர் லீலாபாய் வந்து தேதி தப்பியதைக் கேட்டாள்.

"எம்பிள்ளைக்கு நல்லா கேக்கும், லீலாக்கா. ரோலர சுத்தினா உடனே திரும்பிப் பாக்குமாக்கும்."

"செரி, சுத்து பாப்போம்" என்ற லீலாபாய், சோனாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மண்ணில் இறங்கி, ஷெட்டுக்கு முதுகு காட்டி நின்றாள்.

அவன் சுற்றினான். சோனா லீலாபாயின் கம்மலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பலமாகச் சுற்றினான். கம்மல்தான்.

"ரோலரும் வராந்தாவும் ஒரே சிமெண்டு இல்லியா மக்கா" என்றாள் லீலாபாய். "பிள்ள கேட்டுத் திரும்பல. தரை அதிர்ந்து முதுவுல தட்டிருக்கு."

கனகதாஸ் கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அன்று அவனுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு, யாராவது திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஜிஷா திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இடது காது போய்விட்டிருந்தது. வலதில் பாதிக்குமேல் குறைந்திருந்தது. எப்போது குறைந்தது என்று அவன் கேட்டான். நடுவில் ஒரு சோதனை செய்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்றார்கள். வலது காதுக்குக் கருவி பொருத்தினார்கள். இடதுக்கு என்ன செய்வது என்பதை இனிமேல் பார்க்கலாமாம்.

கருவியோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஜிஷா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்து மண்ணில், லீலாபாய் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். ஷெட்டைப் பார்க்காமல் "சுத்துங்க" என்றாள்.

அவனுக்குக் கை வரவில்லை. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். இரும்பு கடகடத்தது.

சோனா விறைத்தாள். திரும்பி ரோலரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறந்ததிலிருந்து அந்த ரோலருக்குப் பயப்படாத பிள்ளை வீரிட்டு அழுதது.

"போதும், பிள்ள பயப்படுது" என்றாள் ஜிஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கனகதாஸ் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.