ரெண்டுக்கும் இடம் கொடுக்கிற மதர்போர்டு

எனக்கு முதலில் கிடைத்தது பிராசஸர். அடுத்த வாரம் கிராபிக்ஸ் கார்டு. இரண்டையும் கொடுத்தவர் ஒரே ஆள் என்பதால், இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் குடித்தனம் செய்தவை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்போது செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காக வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏறுகிறவர்கள் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பேசுவார்கள். பேசுகிறவர்களிடமிருந்துதான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். என் பக்கத்து சீட்டில் வழக்கமாக உட்காரும் ஒருவர், வீட்டில் வருஷத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மாற்றுகிறவர். "பழசு சும்மாத்தான் கெடக்கு, எடுத்துக்கோங்க" என்று அவர் கொடுத்தவைதான் அந்த இரண்டும்.

எனக்கு அவை உயிர் மாதிரி. காரணம் எங்கள் டீம். செங்கல்பட்டு ரயிலடிப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து துப்பாக்கி கேம் ஆடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துப் பையன்கள் எதிரணியாக வருவார்கள். திடீரென்று சென்டர்காரர், "கேம் ஆடி ஆடி என் கீபோர்டுல எழுத்தே இல்ல. இனிமே ஜெராக்ஸ் மட்டும்தான்" என்று கடையை மாற்றிவிட்டார். போகிற போக்கில் மதர்போர்டு செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரை என் தலையில் கட்டினார். மாமல்லபுரத்துக்காரர்கள் தங்கள் பக்கம் ஒரு லாட்ஜ் ஹாலைப் பிடித்து, இனி அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் தூக்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

டீமில் நான்கு பேரிடம் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. என்னிடம் இல்லை. ஆனால் டீமுக்கு வெளியே, இடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலேஜ் தம்பியிடம் இருந்தது, பக்கவாட்டில் நீல விளக்கு எரிகிற புதுசு. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்த எங்கள் கேப்டன் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"மச்சான், நீதான் நல்லா சுடுவ. இல்லேங்கல. ஆனா வெறுங்கையோட வந்து இன்னா பண்ணுவ, வாயால சுடுவியா? வர்ற ஞாயித்துக்கெழம ஸ்கிரீன்ல எழுத்து வந்தா நீ. வர்லன்னா அந்தத் தம்பி."

"எழுத்து வரும்" என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

மதர்போர்டு ஒன்று வாங்கினால் போதும் என்பதுதான் என் கணக்கு. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "ஐயோ, அது ரெண்டும் வேற வேற மெஷின்ல இருந்ததுங்க" என்றார். பிராசஸர் புதுத் தலைமுறை. அது உட்காரும் சாக்கெட் உள்ள போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்குப் புது மாதிரி ஸ்லாட்தான் இருக்கும். என் கார்டோ பழைய மாதிரி. பழைய ஸ்லாட் உள்ள போர்டை வாங்கினால் அதில் என் பிராசஸர் உட்காராது. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் இன்னொன்று தெருவில் நிற்கும். தெற்கே மதுராந்தகம் தாண்டிப் போகிறவனையும் வடக்கே தாம்பரம் போகிறவனையும் ஒரே டிரிப்பில் ஏற்றிய கதை.

"ஆனா," என்று அவரே கொஞ்சம் யோசித்துச் சொன்னார், "பழசு போயி புதுசு வந்த சமயத்துல, ரெண்டு ஸ்லாட்டும் வெச்சு ஒரு மாதிரி போர்டு வந்துச்சு. ரொம்ப நாள் ஓடல. கெடைக்குமான்னு தெரியல."

கிடைக்காது என்று அவர் சொல்லவில்லையே. எனக்கு அது போதும்.

லீவு நாளில் கார்டையும் பிராசஸரையும் அவர் கொடுத்த வெள்ளி நிறக் கவர்களோடு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து மூடி, ரயில் ஏறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் நான் கவுன்டரில் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "அண்ணே, சாப்பாடெல்லாம் வெளிய" என்றார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

அன்று வாங்கிய பதில்களை இன்றும் மறக்கவில்லை. ஒருவர், "ஒண்ண வித்துரு நைனா, நிம்மதியா இருப்ப" என்றார். இன்னொருவர், "மாப்பிள்ளைக்கு ஏத்த பொண்ணு பாப்பாங்க. நீ பொண்ணு மாப்பிள்ள ரெண்டையும் முடிவு பண்ணிட்டு வூடு தேடிகினுகீற" என்றார். மூன்றாவது கடைக்காரர் சாக்கெட் ஒத்துவருகிற ஒரு போர்டைக் காட்டி, கார்டு இதிலேயே உட்காரும், லேசாக அழுத்தவேண்டும் என்றார். நான் கார்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கார்டில் வெட்டு ஒரு இடத்தில், ஸ்லாட்டில் தடுப்பு இன்னொரு இடத்தில். "அழுத்துனா போர்டு உக்காரும், கார்டு உக்காராது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. காலில் செருப்பு கடித்தது. ஒரு மாடிப்படி ஓரத்தில் சர்வீஸ் சென்டர் என்று போட்டிருக்க, ஏறினேன். கவுன்டரில் இருந்த பெண் என் கேள்வியை முழுசாகக் கேட்டாள். இதுவே பெரிய விஷயம். உள்ளே போய் ஒரு போர்டை எடுத்து வந்தாள்.

"இது கீது. ஆனா பொட்டி இல்ல. சாக்கெட்டு மூடியும் தொலஞ்சுபோச்சு. வேணுமா?"

பழைய ஸ்லாட்டும் இருந்தது, புது ஸ்லாட்டும் இருந்தது. கார்டை வைத்தேன், ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. பிராசஸரையும் உட்காரவைத்துக் காட்டிவிட்டு அவள் எடுத்துக் கொடுத்தாள். இந்த வகை பிராசஸரில் கம்பிகள் கிடையாது. போர்டின் நடுவில் ஒரு சதுரக் குழி, அதற்குள் முடி கனத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகள். அந்தக் குழியின் மேல் காகிதத்தை மடித்து டேப் ஒட்டினாள். "இதுல வெரலு பட்டா போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து நின்னா நான் ஆளு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து மனைவிக்குக் காட்டினேன். இது பிராசஸருக்கு, இது கார்டுக்கு என்று எல்லாம் சொன்னேன். விரல் படக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் வேன் ஆபீசிலிருந்து போன். ஒரு டிரைவர் வரவில்லை, உடனே கிளம்பு என்றார்கள். போட்டது போட்டபடி ஓடினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும், வண்டியோ மிக்ஸியோ கேஸ் அடுப்போ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் முதல் தடவை ஓட்டுவதில்லை. டிரைவர் வீடு, அப்படித்தான். நான் டூட்டி முடித்து வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணி வாசனை. மதர்போர்டு சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் இருந்தது. காகிதம் இல்லை. குழியின் நட்டநடுவில் வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். மூக்குத்தி இடத்தில் மூக்குத்தி போட்ட மாதிரி அவ்வளவு சரியாக.

"பேப்பர் மேல வெச்சா பொட்டு சேருமா? அதான் பிரிச்சுட்டேன்" என்றாள் மனைவி. "எலுமிச்சம்பழமும் வெக்கலாம்னு பாத்தேன். டயரு எங்கன்னு தெர்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, "வண்டிக்கு வெச்சா ஓடுது. இதுக்கு வெச்சா நிக்குதா? நல்லா இருக்குய்யா உங்க கம்ப்யூட்டரு" என்றாள். குரல்தான் கெத்தாக இருந்தது, கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் யார் மேல் காட்டுவது? என் வண்டிக்குப் போன ஆயுத பூஜையில் அதே விரலால் அவள் பொட்டு வைத்தபோது நான்தான் பெருமையாக நின்றவன்.

சனிக்கிழமை காலையில் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஸ்பிரிட்டும் ஒரு சிரிஞ்சும் கேட்டேன்.

"யாருக்கு ஊசி?" என்றான் கேப்டன்.

"மதர்போர்டுக்கு."

நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட ரெடியா இருன்னு சொல்லட்டா?" என்றான்.

"சொல்லிக்கோ. நானும் வருவேன்."

"பேஜாரு புடிச்சவன்டா நீ" என்று ஸ்பிரிட் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

பஞ்சு வைத்துத் துடைத்தால் நார் கம்பியில் சிக்கும். பிரஷ் போட்டால் கம்பி படுத்துவிடும். அதனால் போர்டைச் சாய்த்துப் பிடித்து, சிரிஞ்சால் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காய்ந்த சந்தனம் கரைந்து மஞ்சளாக வழிந்தது, பின்னால் குங்குமம் சிவப்பாக. திரும்பத் திரும்ப விட்டு, சைக்கிள் பம்பை எட்டப் பிடித்து மெதுவாகக் காற்றடித்து, வெயில் படாத இடத்தில் காயவைத்தேன். மத்தியானம் சென்டர்காரர் கொடுத்த கம்ப்யூட்டருக்குள் போர்டை வைத்து, பிராசஸரையும் மெமரியையும் கார்டையும் மாட்டி, பவரைக் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது.

கழற்றி மறுபடி போட்டேன். அதே கறுப்பு.

மூன்றாம் முறை கழற்றியபோது மனைவி டார்ச்சை வாங்கிக்கொண்டாள். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாள். வெளிச்சத்தில் கம்பிகள் வரிசை வரிசையாக மின்னின. செய்யூர் பக்கத்து நெல் வயலில் வளர்ந்தவள். குனிந்து பார்த்தவள், "நட்ட நாத்து மாரி கீது" என்றாள். பிறகு விரலை நீட்டாமல், மோவாயால் காட்டினாள். "அந்த வரியில ரெண்டு சாஞ்சுகினுகீது பாரு. மத்ததெல்லாம் ஒரே பக்கம் பாக்குது, அது ரெண்டும் பக்கத்து வயல பாக்குது."

எனக்கு முதலில் தெரியவில்லை. அவள் டார்ச்சை இன்னும் தாழ்த்தியதும் தெரிந்தது. இரண்டு கம்பிகள் மட்டும் ஒளி இல்லாமல் படுத்திருந்தன.

அவளுடைய கையூசியை எடுத்தேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற ஊசி. "மூச்ச இழுத்து வுடாத" என்றாள். ஒரு கம்பியின் அடியில் ஊசி முனையை நுழைத்து, நூலிழை அளவு தூக்கினேன். அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும், பிறகு கடவுளே வந்தாலும் ஒட்டமுடியாது. "போதும். இன்னும் கொஞ்சம். போதும்னேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது கம்பிக்கு நேரம் பிடித்தது. நடுநடுவே ஊசியை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி குனிந்தேன். விட்டுவிடலாம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாட்டினேன். பவர் கொடுத்தேன். ஒரே ஒரு பீப் சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கின. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள். மெமரி எவ்வளவு, பிராசஸர் எது என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி நின்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டரைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து டீமோடு மாமல்லபுரம் போனேன். லாட்ஜ் ஹாலில் மின்விசிறி கடற்காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. காலேஜ் தம்பியும் வந்திருந்தான். நீல விளக்குப் பெட்டி காரிலேயே இருந்தது, இறக்கலாமா வேண்டாமா என்று கேப்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒயர்களை மாட்டி நான் ஸ்விட்சைப் போட்டேன். எழுத்து வந்தது. கேப்டன் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டி, "தம்பி, இன்னிக்கி பொட்டிய எறக்க வாணாம்" என்றான்.

முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் நான்தான் கடைசியாக உயிரோடு நின்றேன், ஜெயித்தோம். மூன்றாவது ஆரம்பிக்கும்போது அந்தத் தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டான். "அண்ணா, அடுத்த வாரமும் நீங்க வருவீங்களா?"

"வருவேன்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.