பேப்பரில் சுற்றிய கத்தி

எங்கள் ஊரில் எதையும் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைக்கக் கூடாது. காரைக்காலில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இது புதுச்சேரி மாநிலம், இங்கே மது பாட்டில் விலை குறைவு. வடக்கே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. இங்கே கடையில் நல்லபடியாக வாங்கிய பாட்டில் அந்தப் பக்கம் போனால் கடத்தல். அதனால் கொண்டுபோகிறவர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராமலிருக்கப் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டையும் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைப்பார்கள். பாலத்துச் செக்போஸ்ட்டில் பஸ்ஸுக்குள் ஏறுகிற போலீஸ்காரர்களின் கை பைக்குள் போனால் முதலில் தேடுவது அந்தப் பேப்பர் சுருளைத்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும், தலை நரைத்த நான், என் மகளின் பையில் ஒரு கத்தியைப் பேப்பரில் சுற்றி, துண்டையும் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்பினேன். அவள் அவசரத்தில் கைவிட்டு அறுத்துக்கொள்ளக் கூடாதே என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது.

நாங்கள் இருப்பது கோட்டுச்சேரியில். என் கணவர் போனபிறகு வீட்டில் நானும் மகளும்தான். எனக்கு ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை. அவளுக்கு மாயவரம் என்கிற மயிலாடுதுறையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். போய்விட்டு முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் நான் சாமியிடம் கேட்டது. பெரிய பங்களா ஒன்றும் கேட்கவில்லை.

அவனும் காரைக்கால்தான், இங்கே தருமபுரத்துப் பக்கம் இருக்கிறவன். அவன் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மனமில்லை. பஸ்ஸில் அவளைப் பார்த்து, கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறான். இவள் முடியாது என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வர ஆரம்பித்தான். அவள் வேலைசெய்யும் இடத்துக்கு எதிரே நிற்பான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். பேசமாட்டான், தொடமாட்டான், வெறுமனே நிற்பான். ஒருநாள் மட்டும் பக்கத்தில் வந்து, "இந்த மூஞ்சி இருக்கறதாலதான இவ்ளோ திமிரு?" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை அவள் என்னிடம் சொன்ன அன்று சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மூஞ்சி என்று ஒருத்தன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாளே எங்கள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத உட்கார்ந்திருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"எங்கம்மா நடந்துச்சு இது?"

"மாயவரம் பஸ் ஸ்டாண்டுலங்க."

"அப்ப அங்கதாம்மா குடுக்கணும். அது தமிழ்நாடு. நாங்க அங்க போயி அவனப் புடிக்க முடியுமா?"

அங்கே போனேன். அங்கே இருந்தவர் விலாசத்தைக் கேட்டார். பையன் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"பொண்ணும் காரைக்கால், பையனும் காரைக்கால். பாண்டிச்சேரி ஸ்டேட் விவகாரத்தத் தூக்கிட்டு இங்க வந்தா எப்படிம்மா?"

மறுபடியும் இங்கே, மறுபடியும் அங்கே. இரண்டு பக்கமும் சேர்ந்து என்னைப் பந்தாடினார்கள். ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெயிலில் அலைந்து, வெறும் கையோடு வந்தேன். வேலையை விட்டுவிடச் சொல் என்று புத்தி சொல்ல மட்டும் ஊரில் எல்லோருக்கும் வாய் இருந்தது. வேலையை விட்டால் அவன் விட்டுவிடுவானா? அவனுக்கு எங்கள் தெரு தெரியும், வீடு தெரியும். கண்ட இடத்தில் நிற்பவன் நின்றுகொண்டிருப்பான், என் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டுமா? சொன்னவர்களிடமெல்லாம் இப்படிச் சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கத்தி யோசனை என்னுடையது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் போய், "சார், பொம்பளப் புள்ள பையில ஒரு சின்னக் கத்தி வச்சிருந்தா நம்ம ஊர் சட்டத்துல தப்பா? பாலத்தத் தாண்டினா தப்பா?" என்று கேட்டேன். இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் கேட்க வரும். பெட்ரோலுக்கு ஒரு பக்கம் ஒரு விலை, பாட்டிலுக்கு ஒரு பக்கம் ஒரு சட்டம், ரேஷன் கடைக்கு ஒரு பக்கம் ஒரு நடைமுறை என்றே வாழ்ந்து பழகிவிட்டோம்.

வக்கீல் சிரித்துவிட்டார். "கத்திக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்லாம் கெடையாதும்மா. ஆயுதச் சட்டம் இந்தியா பூரா ஒண்ணுதான். பிளேடு ஒம்பது அங்குலத்துக்கு மேல நீளமோ, ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தாத்தான் அது ஆயுதக் கணக்குல வரும். அதுலயும் வீட்டு வேலைக்கு, வயல் வேலைக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"முழுசாக் கேட்டுட்டுப் போங்க. அளவு மட்டும் இல்ல விஷயம். பைக்குள்ள ஏன் இருக்குன்னு கேப்பாங்க. காய் நறுக்கன்னு சொன்னா, பஸ்ல உக்காந்து காய் நறுக்குறியாம்பாங்க. பாதுகாப்புக்குன்னு சொன்னா, ஆளக் குத்தத்தான் வச்சிருந்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தேர்தல், கலவரம்னு கலெக்டர் தடை உத்தரவு போட்டிருந்தா இன்னும் கஷ்டம். இதவிட, ஸ்டேஷன்ல புகார் குடுங்க. எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கித்தான் ஆவணும். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"வாங்கலியே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து, மகள் பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த ஸ்கேலைத் தேடி எடுத்து, வெங்காயம் நறுக்கும் கத்தியை அளந்தேன். சட்டம் சொன்ன நீளத்தில் பாதிகூட இல்லை. கைப்பிடி ஆடியது. அதற்கு ஒரு கம்பியைச் சுற்றினேன். வக்கீல் சொன்ன மீதிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் பையில் ஒரு கொய்யாப்பழம் வைத்தேன். யாராவது கேட்டால் பழம் நறுக்க என்று சொல்லடி என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்சநாள் நன்றாகத்தான் போனது. நன்றாக என்றால், அவன் நின்றான், இவள் போனாள், வந்தாள். செக்போஸ்ட்டில் பெண்கள் பையை யாரும் தொடுவதில்லை என்ற நம்பிக்கையில் நான் இருந்தேன். ஆனால் பாட்டில் கடத்துகிறவர்கள் பெண்களிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் ஒரு பெண் போலீசை அங்கே போட்டார்கள். ஒருநாள் காலையில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி, என் மகளின் பைக்குள் கைவிட்டாள். பேப்பர் சுருள் கையில் தட்டுப்பட்டது. பாட்டில் என்றுதான் உருவியிருக்கிறாள்.

எனக்கு போன் வந்தபோது பள்ளியில் இருந்தேன். ஆட்டோ பிடித்துச் செக்போஸ்ட்டுக்குப் போனேன். பஸ் போய்விட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. மேசையில் பேப்பரைப் பிரித்துப்போட்டு அதன்மேல் கத்தியை வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கொய்யாப்பழமும் இருந்தது. நான் போனதும் சப்-இன்ஸ்பெக்டர் முதலில் சொன்னது, "நீங்கதான் அம்மாவா? பாதுகாப்புக்கு வச்சிருக்கேன்னு பொண்ணே சொல்லுதும்மா" என்பதுதான்.

அவள் பக்கம் திரும்பி, "ஏண்டி, பழம் நறுக்கன்னு சொல்லச் சொன்னேன்ல?" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினேன். அதைவிட முட்டாள்தனம் உண்டா?

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "ஏன் வச்சிருக்கன்னு கேட்டாங்கம்மா. இத்தன நாள்ல ஒரு போலீசாச்சும் ஏன்னு கேட்டாங்களா? அதான் சொல்லிட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "காரைக்கால்ல இருந்து வர்றீங்கன்னு ஒண்ணும் தனியா இல்லம்மா. கத்திக்கு இந்தியா பூரா ஒரே சட்டம்தான்" என்றார்.

அப்போது எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. "அப்ப அவனுக்கு எத்தன சட்டம் சார்? இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் போன்னீங்க. அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் போன்னாங்க. எம்பொண்ணு பின்னாடி அலையறவனுக்கு ஊருக்கு ஊரு எல்லை, வெங்காயம் நறுக்கற கத்திக்கு மட்டும் இந்தியா பூரா ஒண்ணா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். ரோட்டில் போன வண்டிகள் நின்று பார்த்தன. பெண் போலீஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. கேஸ் போட்டால் தெரியும் என்றார். அவ்வளவுதான், என் வீரமெல்லாம் அடங்கிவிட்டது. கேஸ் என்று ஒன்று வந்தால் அவள் வேலை போகும், நாளைக்கு எங்கே போனாலும் அது கூடவே வரும். கையெடுத்துக் கும்பிட்டேன். "போட்டுடாதீங்க சார், உங்க கால்ல வேணாலும் விழறேன்" என்றேன். ஒரு நிமிடத்துக்கு முன்னால் கத்தியவளும் நான்தான், கும்பிட்டவளும் நான்தான். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கடைசியில், இனிமேல் எந்தக் கத்தியும் வைத்திருக்கமாட்டேன் என்று அவளை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன்.

"அவன் மேல சார்?" என்று கேட்டேன்.

"அத ஸ்டேஷன்ல குடுங்கம்மா."

எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தோம். எதிரே டீக்கடையில் அவன் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் வந்தவன், எல்லாவற்றையும் இருந்து பார்த்திருக்கிறான். நாங்கள் கடந்து போகும்போது பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி கேட்டான்.

"என்னங்க, கத்திய வாங்கிட்டாங்களா?"

நான் திரும்பி ஓடிப்போய்ப் பெண் போலீசிடம் அவனைக் கைகாட்டினேன். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. வந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி, பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பாட்டில் இல்லை, கத்தி இல்லை, ஒன்றும் இல்லை. லைசென்ஸ் இருந்தது, ஹெல்மெட் இருந்தது. "என்னக்கா சொல்லி நிறுத்தறது?" என்று என்னிடமே கேட்டாள்.

மறுநாள் மகளை வேலைக்குப் போகாதே என்றேன். அவள் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, குடை, சீப்பு, தண்ணீர் பாட்டில். "பாத்துக்கம்மா, ஒண்ணும் இல்ல. இனிமே யாரும் புடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கூடவே பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து தினமும் ஏறுகிறேன். பள்ளியில் மீதமிருந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் உள்ளே வேலைசெய்யும்போது நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என்னையும் நோயாளி என்று நினைத்து, சாப்பிட்டீங்களா, சாப்பிடாமத்தான் குடுக்கணும் என்கிறார்கள். எதிரே அவன் நிற்கிறான். நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பகல் முழுவதும் கழிகிறது. கல்லை விட்டு அடிக்கலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. கல்லுக்கு என்ன சட்டம் என்று வக்கீலைக் கேட்க வேண்டும்.

பாலத்தில் பஸ் நின்றதும் போலீஸ் ஏறுகிறது. என் மகளின் பையை இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறார்கள். அவள் அவர்கள் கேட்பதற்கு முன்பே திறந்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்போது ஜன்னல் பக்கம் ஒரு பைக் எங்கள் பஸ்ஸைத் தாண்டி, மெதுவாகப் பாலத்தின்மேல் போகிறது. அதை யாரும் நிறுத்துவதில்லை.

என் லீவு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.