ஹெட்லைட் சரியில்லாத நாலு வண்டிகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே பழைய பனியன் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்த பதினொரு ஹெட்லைட் பல்புகள். எல்லாம் என் வீட்டுக்காரர் ‘சரியில்லை’ என்று கழற்றிப் போட்டவை. போன மாதம் பரணை ஒழித்தபோது அந்த டப்பாவைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு, பதினொன்றும் நன்றாக எரிகிறதே, எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டார். கோளாறு பல்பில் இல்லை ஐயா, பல்பை மாற்றியவர் கண்ணில் என்று நடுத்தெருவில் நின்று சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. துறைமுகத்துக்குள் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் அவர் கிரேன் ஆபரேட்டர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து பாரத்தைத் தூக்கிக் கீழே நிற்கிற ஆட்களுக்கு நடுவே இறக்கி வைக்க வேண்டும். அவருக்குக் கண்தான் சோறு. நான் திருவொற்றியூரில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அடுத்த மேஜையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கடலில்தான் போட வேண்டும். ஒரே வீட்டில், ஒரே வண்டியில், எட்டு வருஷம் கூடவே இருந்தும் அந்த மனிதருக்கு மாலைக்கண் என்று நான் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் ஒரு மொபெட் இருந்தது. அதன் விளக்கு மெழுகுவத்தி மாதிரி அழுகிறது என்றார். உண்மையாகவே கொஞ்சம் அழுதது, அதனால் நானும் நம்பினேன். மூன்று பல்பு மாற்றிப் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். நல்ல ஸ்கூட்டர் அது. பச்சை நிறம், முன்னால் நின்றுகொண்டு வர எங்கள் பெண்ணுக்குத் தோதாக இடம். கடல் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க வாரா வாரம் மண்ணெண்ணெய் போட்டு நானே துடைப்பேன். அதற்கும் அதே வியாதி என்றார். ஹெட்லைட் ரோட்டில் விழவில்லை, வானத்தைப் பார்க்கிறது என்றார். விளக்கை இறக்கிக் கட்டினார், பிறகு ஏற்றிக் கட்டினார், கீழே மஞ்சள் விளக்கு ஒன்று கூடுதலாகப் பொருத்தினார். கடைசியில் அதையும் விற்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அப்போதே ஒரு நாள் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, அதுதான் நிஜம் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னைக் கம்பெனியில் விட்டுவிட்டுத் திரும்ப அழைத்துப் போவது அவர் வழக்கம். எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். அவர் ஐந்து மணிக்கே கேட்டுக்கு வெளியே வந்து காத்திருப்பார். உன் புருஷனைப் போல உண்டா என்று கூட வேலை செய்யும் பெண்களெல்லாம் கண் வைத்தார்கள். நானும் பூரித்துப்போனேன், வெட்கம்கெட்டவள். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அன்புக்குக் காரணம் என்று யாருக்குத் தெரியும்? திரும்பி வரும்போது எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இருக்காது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் கத்திக்கொண்டே வருவேன். லாரி நிற்கிறது, பள்ளம் இருக்கிறது, குறுக்கே ஆள் வருகிறான், இடது பக்கம் மணல். மற்ற ஆண்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வா என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பார்கள். இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இருட்டிய பிறகு தெருக்கோடியில் பால் வாங்கப் போவதென்றாலும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் போவார். உலை கொதிக்கிறது, விடுங்கள் என்றாலும் கேட்க மாட்டார்.

மூன்றாவதாக வந்தது ஒரு கார். நாலு கை மாறிய பழைய கார். காருக்கு இரண்டு விளக்கு, வெளிச்சம் பிரமாதமாக இருக்கும் என்றார். ஒரே வருஷத்தில் அதன் இரண்டு பக்கமும் தேங்காய் துருவுகிற மாதிரி துருவிவிட்டார். கேட்டால் தெரு குறுகல் என்பார். அதே தெருவில் தண்ணீர் லாரி வந்து திரும்பிப் போகிறது, இவர் கார் போகாதாம். வீட்டுக்குள்ளும் வாளியில் இடிப்பார், ஸ்டூலைத் தட்டிவிடுவார், அதை அங்கே வைத்தவர்களைத் திட்டுவார். நான் சாமான் வைக்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பெயர். இதற்கு நடுவில் வருஷா வருஷம் கம்பெனி டாக்டரிடம் போய், சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்துக் காட்டிவிட்டு மீசையை நீவிக்கொண்டு வருவார். பகலில் நேராகப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அதுதான் அந்த நோயின் சூது.

இரவு ஷிப்டுக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரு சினேகிதர் உண்டு, அவரும் கிரேன் ஆபரேட்டர், எம்.கே.பி. நகரில் வீடு. ‘தோஸ்து’ என்றுதான் அவரைக் கூப்பிடுவார். இவருக்கு வரும் இரவு ஷிப்டையெல்லாம் வருஷக்கணக்காக அந்தத் தோஸ்துதான் வாங்கிப் பார்த்தார், தன் பகல் ஷிப்டை இவருக்குக் கொடுத்தார். அவரிடம் இவர் என்ன காரணம் சொன்னார் தெரியுமா? என் சம்சாரம் ராத்திரியில் தனியாக இருக்கப் பயப்படுகிறாள் என்று. நானா? சுடுகாட்டு வழியாக ஒற்றை ஆளாகத் தண்ணீர் சுமந்தவள் நான். துறைமுகத்தில் பாதிப் பேர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நாலாவது ஒரு மோட்டார் பைக். தட்டு அளவுக்கு ஹெட்லைட். சுனாமிக்கு முந்தின வருஷம், ஒரு மார்கழி மாலை. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரல் எழும்பவில்லை. நான் பேசாமல் வந்த ஒரே நாள் அது. காசிமேட்டுக்குச் சற்று முன்னால் ஓரமாக நின்றுகொண்டிருந்த மீன்பாடி வண்டியில் நேராகக் கொண்டுபோய் விட்டார். எனக்கு முழங்கை பெயர்ந்தது. அவருக்கு நெற்றியில் ரத்தம். ஐஸும் சங்கரா மீனும் ரோடெல்லாம் கிடந்தன. வண்டிக்காரர் ஓடி வந்து, “நைனா, கண்ணு தெர்ல? மலையாட்டம் வண்டி நிக்குது, வந்து சொருவுற?” என்று கேட்டார்.

யாரும் கேட்கிற கேள்விதான். பஸ்ஸில் காலை மிதித்தால்கூட இதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு சொல் தாங்காமல் கை ஓங்குகிற மனிதர், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கையால் தரையைத் தடவி மீனைப் பொறுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் கிடந்த மீன் அவர் கைக்குத் தட்டுப்படவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

வீட்டுக்கு வந்து, கையில் கட்டோடு எதிரில் உட்கார்ந்து கேட்டேன். ஆறு மணிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, பல வருஷமாகவே தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு எப்படி ஓட்டினீர்கள் என்றேன்.

“நீ சொல்லிகினே வருவியே. லாரி நிக்குது, பள்ளம் கீதுன்னு. அத்த வச்சிகினுதான் ஓட்னேன்.”

அழுவதா, அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் என்னையும் என் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, என் வாயை நம்பி வண்டி ஓட்டியிருக்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இவர் புளுகு எட்டு வருஷம் தாங்கியது. ஆனாலும் அந்தப் பதிலில் மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. இளகிய அடுத்த நிமிஷம் கேட்டேன்.

“மேல கிரேன்ல யாரு சொல்றாங்க?”

பகலில் ஒன்றும் ஆகாது, நேராகப் பார்த்தால் தெரிகிறது என்றார். பக்கவாட்டில் தெரிகிறதா என்று விரலை நீட்டிக் காட்டினேன். தெரியவில்லை. பெண் படிப்பு முடியட்டும் என்றார். பொங்கல் கழித்து நானே சொல்லிவிடுகிறேன் என்றார். பொங்கல் போனது. சித்திரை கழித்து என்றார். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் என்று ஆட்டுக்குப் போடுவதுபோல் நானும் போட்டுப் பார்த்தேன். கம்பெனியில் என் எதிரே உட்கார்ந்து பட்டன் சரிபார்க்கும் பெண்ணின் புருஷன் அதே துறைமுகத்தில் கொக்கி மாட்டுகிறவர். கிரேனுக்குக் கீழே நிற்கிற ஆள். அவள் தினமும் தன் டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலிக் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றுவாள். என் புருஷன் வேலை பெரிதா, அவள் புருஷன் உயிர் பெரிதா? சித்திரை முடிந்து வைகாசியும் பிறந்தபோது அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் கம்பெனி டாக்டரிடம் போனேன். எழுத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள், இருட்டறையில் வைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்த்தார்கள். பரம்பரையாக வருகிற நோய், கண்ணாடியும் மருந்தும் கேட்காது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்றார்கள். கிரேனிலிருந்து இறக்கி, ஸ்டோரில் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் அன்று மாலை அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் ஊரே போய்விட்டது போலிருந்தது. எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான் என்றார். ராத்திரி ஷிப்ட் விஷயம் யாருக்குத் தெரியும், தோஸ்துக்குத்தான் தெரியும், அவன்தான் என்றார். நான் அடுப்படியில் நின்றேன். இல்லை, நான்தான் என்று சொல்ல இரண்டு எட்டு எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் பேசிக்கொண்டது அன்றைக்குப் பொருத்தமாகிவிட்டது.

தோஸ்து இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். இவர் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் முறை அவர் வாசலிலேயே நின்று, “நான் சொல்லல தங்கச்சி. எங்கம்மா மேல ஆணை” என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன், அவ்வளவுதான். எங்கள் பெண் கல்யாணத்துக்கு நானே பத்திரிகை அனுப்பினேன். வந்தவர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மொய்க் கவரை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இவர் இருந்த பக்கம் போகவில்லை.

பைக்கை விற்றுவிட்டு, நாற்பத்தோரு வயதில் நான் கியர் இல்லாத ஒரு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வண்டி, என் பெயரில். இன்றுவரை அதற்கு ஒரு பல்பு மாற்றவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். இப்போது ரூபாய்க் காசு அளவு வட்டம்தான் அவருக்குத் தெரிகிறது. ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

போன வாரம் தோஸ்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீடு திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் போய்ச் சொன்னது நான்தான் என்றேன். அவர் காபியை முழுசாகக் குடித்து முடித்தார். டாக்டர் அன்றைக்கே தன்னிடம் சொல்லிவிட்டார் என்றார். உன் சம்சாரம் வந்தாங்க, நல்லதுக்குத்தான் வந்தாங்க என்று.

பிறகு ஏன் அந்த மனிதரை வாசலில் நிற்க வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அவன் மேல கோவப்பட்டா அவன் அவன் வூட்டுக்குப் பூடுவான். உன் மேல கோவப்பட்டுகினு இந்த வூட்ல நான் எங்க போறது?”

ஒரு மனிதன் ஆறு வருஷம் தாயின் மேல் ஆணையிட்டுவிட்டுத் துடித்துக் கிடக்க, இவர் தெரிந்தே சும்மா இருந்தார், நானும் தெரிந்தே சும்மா இருந்தேன். ஆத்திரம் யார்மேல் என்றே எனக்குப் பிடிபடவில்லை. சட்டையை மாட்டுங்கள் என்றேன். எங்கே என்றார். எம்.கே.பி. நகர் என்றேன். மாட்டிக்கொண்டார்.

தோஸ்து கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. இவர் கட்டில் விளிம்பைத் தடவி உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் தோஸ்துதான் கேட்டார், போட்டுக் கொடுத்தது யார் என்று தெரிந்ததா என்று. என் வீட்டுக்காரர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

“எவனும் இல்லடா. நானே தான் போய்ச் சொன்னேன்.”

மறுபடியும் ஒரு புளுகு. இந்த முறை என்னைக் காப்பாற்ற. தோஸ்துவின் முகத்தைப் பார்த்தேன். அப்படியானால் ஆறு வருஷம் என்னிடம் ஏன்டா பேசவில்லை என்ற கேள்வி அதில் அப்படியே இருந்தது.

“அவர் சொல்லல அண்ணே. டாக்டர்கிட்ட சொன்னதும் நான். அது நான்தான்னு உங்ககிட்ட சொல்லாம இருந்ததும் நான்.”

தோஸ்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் அங்கேயே நின்றேன்.