சப்பாத்துக் காவலர்

ஹவுகெட்டோ என்ற இந்தக் குளிர் ஊரில் தமிழர் நாங்கள் கூடும் மண்டபத்தின் வாசலில், பனிக்காலத்தில் கழற்றிவிடுவது எல்லாமே கறுப்புச் சப்பாத்துகள். அவை மாறிப் போகாமல் பார்க்க, ஆண்டுதோறும் ஒரு காவலரைத் தெரிவுசெய்வோம். இப்போதைய காவலர் நான்கு முறை வென்றவர். குட்டை மனிதர், பெரிய மீசை, நெஞ்சில் தானே வெட்டிக் குத்திய தகர நட்சத்திரம். வரிசை தப்பிய சப்பாத்தைக் 'கைது' செய்து அறைக்குள் பூட்டிவிடுவார்.

இம்முறை அவரைத் தோற்கடிக்கவென்றே எல்லோரும் வந்திருந்தோம். வாக்கெடுப்புக்கு முன் வாசலை எட்டிப் பார்த்தேன். ஒரு சப்பாத்தும் இல்லை.

"அண்ணை, எங்கடை சப்பாத்துகள் எங்கை?"

"எல்லாம் உள்ளுக்கை பத்திரமாய்க் கிடக்கு, தம்பி. நீங்கள் எல்லாரும் போய்க் கையைத் தூக்குங்கோ."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏகமனதாகத் தூக்கினோம்.

அறையைத் திறந்துவிட்டு, வென்ற சந்தோசத்தில் அவர் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். முறையிடுவதென்றால் அவரிடம்தான் முறையிட வேண்டும்.