ரூட்டருக்கு வெளியே நின்று பார்த்தவை

வீட்டு ரூட்டர் பழுது பார்ப்பவனுக்கு வாழ்க்கையில் நிச்சயமாக நம்பக்கூடியது ஒன்றுதான்: ‘நான் எதையும் தொடவே இல்லை’ என்று சொல்பவர் எல்லாவற்றையும் தொட்டிருப்பார்.

என் பிழைப்பில் பாதி வி.பி.என். வெளியூரில் இருக்கும் ஒருவர் தன் வீட்டு ரூட்டருக்குள் நேராக நுழைய ஒரு தனி வழி. சாவி உள்ளவருக்கு மட்டும் அது திறக்கும். திறக்காதபோது மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்க அலைகிறேன். உங்களில் யாராவது ‘கனெக்டிங்… கனெக்டிங்…’ என்ற எழுத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

ஓடிப்போன ஆள்

இந்த வேலையில் ஒரு விசித்திரம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர முடிகிறதா என்பதை வீட்டுக்குள் இருந்துகொண்டு சோதிக்க முடியாது. வெளியே போய்த்தான் ஆகவேண்டும். காஹாங்கில் ஒரு வீடு, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். என் கைப்பேசி இணைப்பில் பார்க்கலாமென்றால் அங்கே ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பெரிய சாலை வரைக்கும் காரை ஓட்டிப் போய், ஓரமாக நிறுத்திச் சோதித்தேன். அந்தக் காட்டு நடுவிலிருந்த வீடு ‘வா’ என்று திறந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது மாயம்தான்.

பெருமையோடு திரும்பினால், வாசலில் வீட்டுக்கார வீரையா அண்ணன் தலையில் கை வைத்து நின்றார்.

“அலமாக்! நீ முடியாம ஓடிட்டேன்னு நினைச்சு வீட்டு போன்ல வேற ஆளக் கூப்பிட்டுட்டேன் லா!”

தானாக எழுதிய பிரிண்டர்

பண்டார் தெங்காராவில் ஓர் ஆசிரியை. மகள் ஜப்பானில் படிக்கிறாள். மகளுக்கு வி.பி.என். கிடைக்கிறது; ஆனால் உள்ளே வந்த பிறகு வீட்டில் உள்ள எந்தப் பொருளும் தென்படவில்லை. அவள் தங்கியிருந்த அறையின் ரூட்டரும் இந்த வீட்டு ரூட்டரும் ஒரே உள் முகவரி எண்களை வைத்திருந்தன; அதனால் வீட்டில் தேடுவதாக நினைத்து அவள் கணினி தன் அறைக்குள்ளேயே தேடியது. இங்கே எண்களை மாற்றினேன்.

மாற்றிய கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமல், கூடத்து பிரிண்டர் விழித்துக்கொண்டது. ‘அம்மா சாப்டியா?’ என்று ஒரு தாள் வெளியே வந்தது. நான் ஓர் எட்டு பின்னால் போனேன். ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாளும் நம்ம தாளு, மையும் நம்ம மை. கெட்டிக்காரி!”

அடுப்பும் அரை நொடியும்

தெப்ராவில் ஸ்டெல்லா அக்கா வீடு. அக்காவுக்கு எல்லை தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. கணவர் சேவியர் அண்ணனுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பகலில் தனியாக இருப்பார். சமையலறையில் பேசவும் கேட்கவும் வசதியுள்ள ஒரு கேமரா. மதிய இடைவேளையில் அக்கா அங்கிருந்து பார்த்துப் பேச, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இவர் சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிடுவார். கேமராவோடு வந்த செயலியில் படம் பல நொடி தாமதம். “நான் நில்லுங்கன்னு சொல்றதுக்குள்ள அடுப்புல கை வச்சிடறாரு தம்பி. இது சரியா வரலன்னா நான் வேலைய விடணும். சம்பளம் இல்லாம மருந்து எப்படி வாங்கறது?” என்றார் அக்கா.

வி.பி.என். போட்டேன், வரவில்லை. அந்த வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரூட்டர் பெட்டிகள். உள்பெட்டியில் வழி திறந்திருந்தது, வெளிப்பெட்டியில் அடைத்திருந்தது. திறந்தேன். பல நொடித் தாமதம் அரை நொடியானது. மறுநாள் மதியம் சமையலறை ஓரமாக நின்று பார்த்தேன். “வலது பக்கம்… இன்னும் கொஞ்சம்… நில்லுங்க!” அண்ணனின் விரல் கொதிக்கும் சட்டிக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. இத்தனை வருஷம் கம்பி இழுத்தவனுக்கு, கம்பிக்குள் என்ன போகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் மட்டும் சாதாரணமாகச் சிரித்தார். “வீட்டுல இருக்கறப்பகூட அவ என்னையே இவ்ளோ நேரம் பாத்ததில்ல தம்பி.”

நில்லுங்க

ஒரு மதியம் இடியோடு மழை. அக்கா அழைத்தார், குரல் உடைந்திருந்தது. “கண்ணாடி கிளாஸ் கீழ விழுந்து நொறுங்கிடுச்சு தம்பி. நில்லுங்கன்னேன், அதோட லைன் போச்சு. திரும்ப உள்ள விடமாட்டேங்குது. அவரு போன் ரூம்ல கெடக்கு. வெறுங்கால்ல நிக்கறாரு. சர்க்கரைக் கால் தம்பி, கிழிச்சா ஆறாது! சாவி செருப்பு ரேக்குக்கு அடியில.”

மழையில் சாலை முழுக்க நெரிசல். திட்டிக்கொண்டும் வேண்டிக்கொண்டும் ஓட்டினேன். கதவைத் திறந்து ஓடினால், அண்ணன் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் நடுங்கின. பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் கண்ணாடிச் சில்லுகள். கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி, அதன் அடியிலும் சில்லு. அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை. “இவ்வளவு நேரமும் இப்படியேவா அண்ணே நின்னீங்க?” என்றேன்.

“அவதான் நில்லுங்கன்னாளே தம்பி. நடங்கன்னு இன்னும் சொல்லலையே.”

கடிகாரம்

சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, என் கைப்பேசியில் அக்காவைப் பிடித்து அண்ணன் காதில் வைத்தேன். அவர் காலை எடுத்து வைத்தார். நான் ரூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதது யாருக்கும் தெரிய வேண்டாம்.

இடியில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்ததில் ரூட்டரின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தது. அக்காவின் வி.பி.என். சாவி இன்னும் உருவாகவே இல்லை என்று நினைத்து அது கதவைச் சாத்தியிருக்கிறது. நேரத்தை இணையத்தில் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேறு ரூட்டரை மாட்டினேன். மின்சாரம் போனாலும் தாங்க ஒரு பேட்டரியும் வைத்தேன். அக்கா இன்றும் வேலைக்குப் போகிறார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நான் பேசிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் நில்லுங்கன்னா நீங்க என்னைக்காச்சும் நின்னிருக்கீங்களா?”

அன்றிலிருந்து, ‘உங்கள் வீட்டு இணைப்பு சரியில்லை’ என்று யாரிடம் சொல்வதானாலும் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.