கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

சூடேறிய கம்பளிக்கு ஒரு வாசம் உண்டு; இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி கூடுதலாக வைத்துவிட்ட பாலியஸ்டர் சட்டையிலிருந்து கிளம்புமே, கிட்டத்தட்ட அது. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசம் மூக்கில் பட்டால் போதும், ஆறாம் வகுப்பு படித்த வருஷத்துச் சாரலும், இரண்டு வெள்ளிக்கிழமைகளும், பாதியில் அறுந்துபோன வாப்பாவின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுவிடும்.

வாப்பா அப்போது வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். வெளிநாட்டுப் போன் பேசினால் பேச்சைவிட நிமிஷத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பதால், ஒரு விடுமுறையில் வந்தவர் தென்காசி வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ் விடுவார்கள். அதில் வந்து அவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காருவார். இங்கே நாங்கள் சரியாக நாலு மணிக்கு டெலிபோன் வயரைப் பிடுங்கி கம்ப்யூட்டரில் செருகுவோம். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு வாப்பா வருவார். முகம் கிடையாது, குரல் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரத்தை வைத்து உம்மா ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள்.

சாரல் காலத்தில் குற்றாலத்து மலையிலிருந்து இறங்குகிற காற்று எங்கள் மேற்குச் சன்னல் வழியாகத்தான் ஊருக்குள் வரும் என்று நினைக்கத் தோன்றும். துணி காயாது, உப்பு கசியும், தீக்குச்சி பத்தாது. "சனமெல்லாம் காசு குடுத்து நனைய வருது, நாம சும்மாவே நனையுதோம்" என்பாள் உம்மா. அந்தச் சாரல் மேசைக்கடியில் இருக்கும் சி.பி.யூ.வுக்குள், அவள் சொல்லில் "கீழ்ப்பொட்டி"க்குள், போய்விடக் கூடாது என்று, வாப்பா கொண்டுவந்த புலிப்படம் போட்ட கம்பளியால் அதைப் போர்த்தச் சொல்லியிருந்தாள். போர்த்துவது என் வேலை. பிள்ளை பெற்ற வீட்டில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போல, நாலு பக்கமும் இழுத்துச் செருகி, பொத்தானுக்கு மட்டும் ஒரு இடுக்கு விட்டு, அப்படி ஒரு நேர்த்தியாகச் சுற்றுவேன். வருகிறவர்கள் மெச்சுவார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வாப்பா, திடீரென்று குரலைத் தாழ்த்தி, "நல்லாக் கேட்டுக்கோ. கம்பெனில எங்க பாஸ்போர்ட்ட எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாவ. நான் இனி" என்றார். அவ்வளவுதான். திரை கறுத்தது. யாரும் தொடாமலேயே பெட்டி தானாக அணைந்து, தானாக மறுபடி உயிர் பிடித்து, ஒன்றும் நடக்காதது போலத் தன் வரவேற்புப் பாட்டைப் பாடியது.

"திருப்பிப் போடு ஏட்டி, சீக்கிரம் போடு!"

போட்டேன். சத்தம் வந்து, இணைந்து, வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் மறுபடி கறுத்தது. ஐந்து மணி வரை போட்டுக்கொண்டே இருந்தோம். கேம்ப் பஸ் கிளம்பியிருக்கும் நேரம் ஆனதும் உம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கம்பெனி நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் "நான் இனி" என்ற அந்த இரண்டு சொல்லுக்கு மீதியைத்தான் தேடினோம். பக்கத்து வீட்டு மைமூன் மாமி வாசலிலேயே நின்று, "பாஸ்போர்ட்ட வாங்கிட்டான்னா ஆளு அங்கன கெடக்க வேண்டியதுதான் மைனி. என் தம்பி நாலு வருஷம் கெடந்தாம்லா" என்றாள். "ஒங்க வாயில சீனியத்தான் அள்ளிப் போடணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திய உம்மா, உள்ளே வந்து கதவிலேயே சாய்ந்து நின்றதை நான் பார்த்தேன். அவள் பயப்படுவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் இனி வர மாட்டேன்", "நான் இனி பேச முடியாது" என்று எழுதி எழுதி அடித்தேன். இன்னொன்றும் தோன்றியது, அதை எழுதக்கூடக் கை வரவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் சென்டரைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியிருந்த இசக்கி அண்ணாச்சிதான் எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் டாக்டர். கம்பளியை உருவி வைத்துவிட்டு, பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். வைரஸ் என்றார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார், தன் கடையில் மூன்று மணி நேரம் நெட்டில் விட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. "பொட்டி மேல குத்தமே இல்லக்கா. ஒங்க வீட்டு லைன்லதான் என்னமோ கெடக்கு" என்று கொண்டுவந்து வைத்தார். அவர் தலை மறைந்ததும் நான் பழையபடி கம்பளியைச் சுற்றினேன், முன்னைவிட இறுக்கமாக. அந்த வாரம் சாரல் அதிகம்.

நெட்டுக்குப் போனால் மட்டும்தான் அணைகிறது என்று எல்லாரும் நம்பினோம். மற்ற நாட்களில் யாரும் அதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட்டியதில்லை என்பது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, லைனைப் பார்ப்பதற்கென்று அண்ணாச்சியும் வந்திருந்தார். வாப்பா கிடைக்காமல் போய்விடுவாரோ என்று உம்மா மூன்றரை மணிக்கே பெட்டியைப் போட வைத்துவிட்டாள். நாலு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"என்னங்க, அன்னைக்கு என்ன சொன்னிய?"

"அதத்தான் சொல்ல வந்தேன், நான்"

கறுத்தது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போடு ஏட்டி", "போடு ஏட்டி" என்று துணிக்குள்ளிருந்து அவள் குரல் வர வர, நான் போட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அண்ணாச்சி, "நில்லு பாப்பா, லைன்ல உயிர் இருக்கான்னு பாப்போம்" என்று கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கிப் போனில் செருகினார்.

செருகிய கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. உம்மா எடுக்கவில்லை, போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான்தான் எடுத்தேன்.

"யாருளா போன்ல அப்படிக் கெடக்கது? போன வாரமும் இதே கதி! பூத்துல நின்னு அடிக்கேன் அடிக்கேன், என்கேஜ்டு என்கேஜ்டுன்னே வருது!"

வாப்பாதான். பெட்டி அணைந்த இரண்டு வாரமும் அவர் அங்கே போன் பூத்துக்கு ஓடியிருக்கிறார். அவர் அடித்த நேரமெல்லாம் அவரைத் தேடித்தான் நாங்கள் லைனை அடைத்து வைத்திருந்தோம்.

உம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தேன். "ம்" என்றாள். "ம்ம்" என்றாள். பிறகு வெடித்து அழுதாள். என்னவென்று சொல்லாமல் அழுதாள். அந்த நேரத்தில்தான் என் நெஞ்சு சுடுவது தெரிந்தது. காய்ச்சல்காரரைக் கட்டிக்கொண்ட மாதிரி, கம்பளிக்குள்ளிருந்து கொதித்தது.

"வந்துருதாவளாம் ஏட்டி! கம்பெனிய மூடுதானாம். டிக்கெட் போடத்தான் பாஸ்போர்ட்ட வாங்கியிருக்கான். நான் இனி இங்க இருக்கப் போறதில்லன்னு சொல்ல வந்திருக்காவ!" சிரித்தாள், சிரித்த வாயோடேயே, "இனி என்ன செய்யப் போறோமோ, அல்லா" என்றாள். பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி என் பக்கத்தில் குனிந்து கம்பளிக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று எடுத்தார். "எக்கா, இதுக்குள்ள இட்லி அவிக்கியளா? மூச்சு விட எடம் வேண்டாமா? அதான் சூடு தாங்காம தன்னால அணையுது!" எனக்கு உடம்பு கூசியது. யார் போர்த்தியது என்று அவர் கேட்பதற்குள், "நாந்தான் போத்தினேன்" என்றாள் உம்மா.

வாப்பா வந்தார், பிறகு போகவேயில்லை. அருவிக்குப் போகிற வழியில் சோப்பும் துண்டும் எண்ணெயும் விற்கிற கடை போட்டார், ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. இன்று வீட்டில் அந்தப் பெட்டியும் இல்லை, வயர் போனும் இல்லை. சுவரில் வயர் வந்த ஓட்டை மட்டும் சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கிறது. எங்கேயும் என்கேஜ்டு சத்தமே கேட்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் யாரும் ஒரு சேதியை அதன் தொடக்கத்திலிருந்து சொல்வதில்லை. "ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று முடிவை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றது.

போன வாரம் வாப்பா செல்லிலிருந்து, சென்னையில் இருக்கிற எனக்கு அடித்தார். "ஒண்ணும் இல்ல ஏட்டி, நல்லா இருக்கோம். உம்மாதான்" என்றார். கட்டாகிவிட்டது. கை தானாகத் திரும்ப அடிக்கப் போனது. அடிக்கவில்லை. போனைக் கீழே வைத்து, லைனைச் சும்மா விட்டுவிட்டு, அது கறுத்துக் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் நிமிஷம் இருக்கும். அடித்தது.

"உம்மாதான் சொல்லச் சொன்னா. சாரல் பிடிச்சாச்சு."