சத்தமில்லாத இருபது விநாடி

கணினியின் சத்தத்தைத் தொலைத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஹட்டனில் வாங்கிய பழைய மேசைக் கணினி அது. ஓர் எழுத்தைத் தட்டினால் யோசித்து யோசித்துத்தான் திரையில் காட்டும். பாடசாலை விடுமுறை ஒன்றில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். வேகம் வந்தது. கூடவே, மூலையில் இருந்த குட்டி ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறியும் வந்தது. நான் ஆசிரியை, வினாத்தாள் தட்டுவதற்குச் சத்தம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்படியே மாதங்கள் போயின.

சத்தம் வேண்டும் என்று ஆனது ஒரு சிடியால். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒரு வருடம் வீடியோ எடுத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அதில் இருபது விநாடி அம்மா வருவாள். கோயில் சுவரோரம் தேங்காய்த் தட்டோடு நின்று, கமராவுக்குச் சற்றுத் தள்ளி யாரையோ பார்த்து ஏதோ சொல்வாள். அம்மா இருந்தபோது அதை ஒருமுறையோ இருமுறையோ போட்டுப் பார்த்திருப்போம். யார் கவனித்தார்கள்? அம்மாதான் பக்கத்திலேயே இருந்தாளே.

அவள் போய் மூன்று வருடம் அந்த சிடியை நான் தொடவில்லை. பயம்தான் காரணம். பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. ஒரு நாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைக் கூப்பிடும் விதத்தை நினைத்துப் பார்த்தேன். சொல் ஞாபகம் வந்தது, குரல் வரவில்லை. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டிருந்தது. அன்றைக்கே சிடியைத் தேடி எடுத்துப் போட்டேன். படம் ஓடியது, சத்தம் இல்லை.

வேறு எதிலாவது போட்டுப் பார்க்கலாம் என்றால், கீறல் விழுந்த சிடி. கூடப் படிப்பிக்கும் டீச்சர் வீட்டு டிவிடி பிளேயர் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. பிரதி எடுக்கப் போனால் பாதியில் நின்றது. இந்தக் கிழட்டுக் கணினி மட்டும் எப்படியோ அதைப் படித்தது. அம்மாவின் குரல் வேண்டுமானால் இதன் வாயைத்தான் திறக்க வேண்டும்.

அப்பாவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. சத்தமில்லாத படத்தைத் தினமும் பின்னேரம் போடச் சொல்வார். எங்கள் வட்டகொடைப் பக்கம் அந்த நேரத்துக்குப் பனி இறங்கிவிடும். தேயிலை மலை மறையும், எதிர் லயத்து வீட்டு வரிசை மறையும், பிறகு எங்கள் வாசலும் மறையும். அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து இருவரும் பார்ப்போம். தப்பு மேளத்தின் மேல் குச்சி விழும், ஓசை வராது. பிள்ளைகள் வாயைத் திறந்து சிரிப்பார்கள், சிரிப்பு வராது. நான் விழித்திருக்கிறேனா, யாருடைய கனவிலாவது உட்கார்ந்திருக்கிறேனா என்று சில நாள் சந்தேகமாக இருக்கும். அம்மா வந்ததும் அப்பா சிரிப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். குளிர்கிறதாக்கும் என்று நான் எழுந்து கதவைச் சாத்துவேன்.

"சத்தத்துக்கு ஏதாச்சும் செய்யணும்பா" என்பேன்.

"சத்தம் எதுக்கு புள்ள? நல்லாத்தானே தெரியுது" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம், கொழுந்து உருட்டும் ரோலருக்குப் பக்கத்திலேயே நின்றவர். காது அங்கேயே போய்விட்டது. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அவரைத் திட்டுவதென்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். ஒருநாள் அப்படித்தான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "உங்களுக்குக் கேக்காதுன்னா எனக்குமா கேக்கக் கூடாது?" சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

ஸ்பீக்கரைப் போனில் மாட்டிப் பார்த்தேன், பாடியது. ஆக, கோளாறு கணினிக்குள். உள்ளே போய்த் தேடினால், ஓடியோ என்ற வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பழைய விண்டோஸோடு சேர்த்து, கணினிக்குச் சத்தம் போடச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மென்பொருளையும் நானே துடைத்து எறிந்திருந்தேன். டிரைவர் என்கிறார்கள். கணினி செய்த கம்பனியின் இணையப் பக்கத்தில் இந்த வயதுக் கணினிக்கு இடமே இல்லை. மூடியைக் கழற்றினேன். தூசி, பல்லி முட்டை ஓடு, அவற்றுக்கு நடுவே சத்தத்துக்கான சில்லு. அதன் மேல் நகத்தளவும் இல்லாத ஒரு நண்டு முத்திரையும் சில இலக்கங்களும். போன் கமராவில் பெரிதாக்கி, இலக்கங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர் டேங்கியடியில்தான் இரண்டு கோடு நிற்கும். குடையும் போனுமாக ஏறினேன். ஒரு மணித்தியாலம் ஊர்ந்து இறங்கியது டிரைவர். வீட்டுக்கு ஓடிவந்து போட்டால், இந்த விண்டோஸுக்கு இது பொருந்தாது என்றது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். கணினிக்கு உதடு படிக்கத் தெரியாது, நேராகவே திட்டலாம்.

அடுத்த நாள் வேறொரு டிரைவரைத் தேடி மறுபடியும் ஏறினேன். கீழே பனிக்குள் எங்கேயோ ரயில் கூவிக்கொண்டு போனது. டேங்கியில் சாய்ந்துகொண்டு, அம்மா அந்த வீடியோவில் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். எதுவாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி, அந்தக் குரல் மட்டும் போதும். போனில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிறைந்தது.

இந்த முறை பொருந்தியது. கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. சிவப்புக் குறி இல்லை. ஸ்பீக்கரிலிருந்து விண்டோஸின் அந்தச் சின்ன மணி ஓசை வந்தது. அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சிடியைப் போட்டேன்.

தப்பு அதிர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கோயில் லவுட் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறியது. அம்மா வந்தாள். உதடு அசைந்தது. பாட்டுதான் கேட்டது. திரும்பப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். பாட்டு, தப்பு, யாரோ இருமுவது கூடக் கேட்டது. அம்மா மட்டும் இல்லை. ஆறாவது தடவையோடு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அப்பா என் தோளைத் தொட்டார்.

"என்னா புள்ள?"

அவர் உதட்டைப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து சொன்னேன். "அம்மா பேசுறது கேக்கலப்பா."

"கேக்காது. அவ சத்தம் போட்டாத்தானே கேக்கும்" என்றார். "அவளும் தொழிற்சால ஸ்டோருல தேயிலத் தூளு சலிச்சவதானே. அந்த மிசின் சத்தத்துல யாரு வாய் விட்டுப் பேசுறது? ஒதட்ட மட்டும் அசைப்போம். எட்ட நின்னா எங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் அதான் பேச்சு."

"யாருகிட்டப்பா சொல்றாங்க?"

"எங்கிட்டத்தான். நான் வீடியோக்காரருக்குப் பக்கத்துல நின்னேன்."

"என்னா சொன்னாங்க?"

அப்பா திரையைப் பார்த்தபடி சொன்னார். "பனி எறங்குது, துண்ட தலையில போடுங்கன்னு சொன்னா."

எத்தனை பின்னேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது அவரைக் கேட்டிருக்கலாம்.

அம்மாவின் குரல் எங்கேயும் இல்லை. அந்த வலி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஸ்பீக்கரை நானே அணைத்துவிட்டு, படத்தை முதலிலிருந்து போட்டேன். ஓசையில்லாமல் தப்பு அடித்தார்கள். கோயில் சுவரோரம் அம்மா வந்து, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் கதவைச் சாத்த எழுந்திருக்கவில்லை.